லினக்ஸ் நிறுவலின்போது வட்டுப் பிரிவுகள் மவுண்ட் ஆகாமல் போவது: காரணங்களும் தீர்வுகளும்

லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு கணினியில் நிறுவும்போது, வட்டைப் பிரித்து முடித்த பிறகும் கோப்புகளைப் படியெடுக்கத் தொடங்கும் முன்பும் ஒரு கட்டம் உண்டு. நிறுவும் நிரல், நாம் தேர்ந்தெடுத்த பிரிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தன் அடைவு மரத்தில் பொருத்திக்கொள்ளும். இதற்கு மவுண்ட் செய்தல் என்று பெயர். ஏதேனும் ஒரு பிரிவு பொருந்த மறுத்தால், மவுண்ட் செய்யும் முயற்சி தோல்வியடைந்தது என்ற செய்தியுடன் நிறுவல் அங்கேயே நின்றுவிடும்.

புதிய, வெற்று வட்டில் இப்படி நின்றால் இழப்பு ஏதுமில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆனால் வீடுகளில் பெரும்பாலும் லினக்ஸ் நிறுவப்படுவது, ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் மடிக்கணினியில்தான். அதே வட்டில் குடும்பப் படங்களும் கல்லூரி ஆய்வேடும் கடைக் கணக்கும் இருக்கும். பிழைச் செய்தி வந்ததும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் அறிவுரை, "ஃபார்மட் போட்டுவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்" என்பது. அப்படிச் செய்தால் பிழை மறைவது உண்மைதான். பிரிவில் இருந்தவையும் கூடவே மறையும். மவுண்ட் பிழைகளில் பல, உள்ளே இருக்கும் தரவு கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே லினக்ஸ் சொல்லும் மறுப்புகள். ஏன் மறுக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஃபார்மட் செய்யாமலேயே அநேகமாகச் சரிசெய்துவிடலாம்.

இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். பெரும்பாலான கட்டளைகளுக்கு முன்னால் சூடோ சேர்க்க வேண்டியிருக்கும்.

மவுண்ட் என்பதன் பொருள்

விண்டோஸில் ஒவ்வொரு பிரிவுக்கும் சி, டி, இ என்று தனித்தனி எழுத்து உண்டு. லினக்ஸில் அப்படி இல்லை. "/" என்ற ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கும் ஒரே மரம்தான். ரூட் எனப்படும் முதன்மைப் பிரிவு அந்த மரத்தின் அடிமரம். மற்றப் பிரிவுகள் /ஹோம், /பூட் போன்ற அடைவுகளில் ஒட்டுக் கிளைகளாகப் பொருத்தப்படுகின்றன. எந்த அடைவில் பொருத்துகிறோமோ அது மவுண்ட் புள்ளி.

நிறுவும்போது இந்த மரம் தற்காலிகமாக வேறோர் இடத்தில் கட்டப்படுகிறது. டெபியன், உபுண்டு நிறுவிகள் /டார்கெட் என்ற அடைவில் கட்டும். ஆர்ச் லினக்ஸில் நாமே /எம்என்டி அடைவில் கட்ட வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் ரூட், அதன் பிறகே அதற்குள் /பூட், அதற்கும் உள்ளே /பூட்/இஎஃப்ஐ. கையால் நிறுவுகிறவர்கள் இவ்வரிசையை மாற்றிவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. முதலில் பொருத்திய /பூட், பின்னால் வந்த ரூட்டின் அடியில் மறைந்துவிடும். கோப்புகள் ரூட் பிரிவிலேயே போய் உட்காரும். கணினியை மறுபடி இயக்கும்போதுதான் தொல்லை தெரியும்.

வரைகலை நிறுவிகளில் அடிக்கடி வரும் இன்னொரு செய்தி, ரூட் கோப்பு முறைமை வரையறுக்கப்படவில்லை என்பது. இது உண்மையில் மவுண்ட் பிழையே அல்ல. பிரிவை உருவாக்கியிருப்போம், ஆனால் அதற்கு "/" என்ற மவுண்ட் புள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டோம். அப்பிரிவின் மேல் சொடுக்கி, "இதை இவ்வாறு பயன்படுத்து" என்ற இடத்தில் எக்ஸ்ட்4 என்றும், மவுண்ட் புள்ளியில் "/" என்றும் கொடுத்தால் போதும்.

முதலில் காரணத்தைப் படியுங்கள்

நிறுவியின் திரையில் வரும் செய்தி எந்தப் பிரிவு, எந்தப் புள்ளி என்பதை மட்டுமே சொல்லும். காரணம் கெர்னலின் பதிவேட்டில் இருக்கிறது. உபுண்டு, மின்ட் போன்றவற்றின் லைவ் சூழலில் ஒரு முனையத்தைத் திறந்தால் போதும். டெபியனின் நிறுவியில் இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி உரைத்திரைக்குப் போகலாம்.

அங்கே முதலில் "எல்எஸ்பிஎல்கே -எஃப்" என்ற கட்டளையை இடுங்கள். வட்டுகள், அவற்றின் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் உள்ள கோப்பு முறைமை, யுயுஐடி என்னும் அடையாள எண், இப்போது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்பவை மரவடிவில் வரும். சாட்டா வட்டுகள் எஸ்டிஏ, எஸ்டிபி என்றும், என்விஎம்இ வட்டுகள் என்விஎம்இ0என்1 என்றும் பெயர் பெற்றிருக்கும். நிறுவப் பயன்படும் பென்டிரைவும் எஸ்டி வரிசையிலேயே வரும் என்பதால், பெயரை மட்டும் நம்பாமல் கொள்ளளவையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அளவைப் பார்க்க "-எஃப்" இல்லாமல் ஒருமுறை இடலாம்.

அடுத்து, மறுக்கும் பிரிவைக் கையால் மவுண்ட் செய்து பாருங்கள். படிக்க மட்டும் என்ற பொருள் தரும் "-ஓ ஆர்ஓ" விருப்பத்துடன் முயல்வது நல்லது. தோல்வியடைந்த உடனே "டிஎம்இஎஸ்ஜி" கட்டளையை இட்டால், அதன் கடைசிச் சில வரிகளில் கெர்னல் காரணத்தைச் சொல்லியிருக்கும்.

மவுண்ட் கட்டளை காட்டும் ஒரு நீண்ட செய்தி புதியவர்களை மிரட்டிவிடும்: தவறான கோப்பு முறைமை வகை, தவறான விருப்பம், கெட்ட சூப்பர்பிளாக், குறியீட்டுப் பக்கமோ துணை நிரலோ இல்லை, அல்லது வேறு பிழை. இதைப் படித்துவிட்டு வட்டின் சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். கெர்னல் திருப்பி அனுப்புவது ஒரே ஒரு பொதுவான பிழை எண். அந்த எண்ணுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்பதை மவுண்ட் நிரல் மொத்தமாக அடுக்கிவைக்கிறது. காய்ச்சல் என்றதும் எல்லா நோய்களின் பெயரையும் சொல்வது போன்றது அது. எது என்பதை டிஎம்இஎஸ்ஜி பதிவு மட்டுமே சொல்லும்.

விண்டோஸ் பிரிவு திறக்க மறுத்தால்

இரட்டை இயங்குதளக் கணினிகளில் மிகுதியாக வரும் பிழை இதுதான். சி பிரிவைச் சுருக்கி இடம் எடுக்க முயலும்போதும், டி பிரிவை லினக்ஸிலும் பார்க்க வேண்டும் என்று மவுண்ட் புள்ளி கொடுக்கும்போதும் இது தலைகாட்டும். விண்டோஸ் உறக்கநிலையில் இருக்கிறது, எனவே மவுண்ட் செய்ய மறுக்கப்பட்டது என்றோ, கோப்பு முறைமை தூய்மையாக மூடப்படவில்லை என்றோ செய்தி வரும்.

"கணினியை அணைத்துவிட்டுத்தானே பென்டிரைவில் இருந்து இயக்கினேன்?" என்ற கேள்வி எழும். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அணைக்கும் பொத்தானை அழுத்தினாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கெர்னலின் நிலையை ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. அடுத்த முறை அதிலிருந்து விழித்தெழுகிறது. அப்படி விழிக்கும்போது, வட்டு தான் விட்டுப்போன நிலையிலேயே இருப்பதாக அது நம்பும். இடையில் லினக்ஸ் புகுந்து அதே பிரிவில் எதையாவது எழுதியிருந்தால், நினைவில் உள்ள கணக்கும் வட்டில் உள்ள கணக்கும் முரண்பட்டு, கோப்புகள் சிதைந்துபோகும். லினக்ஸ் மறுப்பது அதைத் தடுக்கத்தான். நெடுநாள் பயன்பாட்டில் உள்ள என்டிஎஃப்எஸ்-3ஜி இயக்கியும், 2021-இல் வெளிவந்த கெர்னல் 5.15-இல் சேர்க்கப்பட்ட என்டிஎஃப்எஸ்3 இயக்கியும் இரண்டுமே, மூடப்படாத பிரிவைக் கண்டால் தயங்குகின்றன.

தீர்வு விண்டோஸின் பக்கம்தான் இருக்கிறது. விண்டோஸைத் திறந்து, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி அணைத்தால் அது முழுதாக அணையும். நிலையான தீர்வு வேண்டுமானால், நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து "பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்" என்று இடலாம். உறக்கநிலையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் ஒருசேர நிற்கும். பிரிவு கெட்டிருப்பதாகத் தோன்றினால் அங்கேயே "செக்டிஸ்க்" கட்டளையை "/எஃப்" விருப்பத்துடன் ஓட்ட வேண்டும். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவியை அதற்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. அது சில அடிப்படைத் திருத்தங்களை மட்டும் செய்துவிட்டு, முழுச் சோதனையை விண்டோஸிடமே விட்டுவிடுகிறது. உறக்கநிலைக் கோப்பை அழித்துவிட்டு மவுண்ட் செய்யும் விருப்பமும் உண்டு. விண்டோஸில் சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலை அதோடு போய்விடும் என்பதால், விண்டோஸே திறக்காத நிலையில் மட்டும் அதை நாடலாம்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது பிட்லாக்கர் விஷயத்தில். அண்மைக்கால விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் வட்டுக் குறியாக்கம், உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். எல்எஸ்பிஎல்கே பட்டியலில் கோப்பு முறைமை இருக்க வேண்டிய இடத்தில் பிட்லாக்கர் என்று வந்தால், நிறுவலை அங்கேயே நிறுத்துங்கள். விண்டோஸுக்குத் திரும்பி, 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அடுத்த அடி. செக்யூர் பூட் அமைப்பை மாற்றினாலே விண்டோஸ் அந்தக் குறியீட்டைக் கேட்கத் தொடங்கிவிடும். குறியீடு கைவசம் இல்லாதவரின் தரவை மீட்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. சி பிரிவைச் சுருக்கும் வேலையையும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியிலேயே முடித்துக்கொண்டு, காலி இடத்தை மட்டும் லினக்ஸுக்குக் கொடுப்பதே பாதுகாப்பானது.

/பூட்/இஎஃப்ஐ பொருந்தவில்லை என்றால்

யுஇஎஃப்ஐ முறையில் இயங்கும் கணினிகளில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சிறு பிரிவு இருக்கும். ஃபேட்32 முறைமையில் அமைந்தது. விண்டோஸ் தானாக உருவாக்கினால் பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். விஃபேட் வகைக் கோப்பு முறைமையை /பூட்/இஎஃப்ஐ என்ற இடத்தில் மவுண்ட் செய்ய முடியவில்லை என்று நிறுவி சொன்னால், இந்தப் பிரிவைத்தான் குறிக்கிறது.

இதை ஃபார்மட் செய்துவிட வேண்டாம். விண்டோஸின் துவக்கி இதற்குள்தான் இருக்கிறது. அளவில் சிறியதாயிற்றே, போனால் என்ன என்று அழித்தவர்கள், மறுநாள் விண்டோஸ் எங்கே போயிற்று என்று தேடுவார்கள்.

முதலில் அது வேறெங்காவது ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லைவ் சூழலின் கோப்பு மேலாளரில் ஆர்வத்தில் ஒருமுறை சொடுக்கியிருந்தாலே /மீடியா அடைவின் கீழ் அது ஏறியிருக்கும். "யுமவுண்ட்" கட்டளையால் இறக்கிவிடலாம். யு என்ற எழுத்துக்குப் பின் நேராக எம் வரும்; அன்மவுண்ட் என்று நினைத்து நடுவில் ஓர் என் சேர்த்துத் தட்டச்சிட்டுவிட்டு, கட்டளை இல்லை என்று வருவதைக் கண்டு திகைப்பவர்கள் அதிகம்.

டிஎம்இஎஸ்ஜி பதிவில், சரியாக இறக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை மட்டும் இருந்தால் அது மவுண்டைத் தடுக்காது. செல்லத்தக்க ஃபேட் முறைமை இல்லை என்று வந்தால் மட்டுமே பழுது. "எஃப்எஸ்சிகே.விஃபேட்" கட்டளையை முதலில் "-என்" விருப்பத்துடன் ஓட்டி, எதையும் மாற்றாமல் நிலைமையைப் பார்த்துவிட்டு, பிறகு "-ஏ" விருப்பத்துடன் திருத்தச் சொல்லலாம். பிரிவுப் பட்டியலில் இஎஃப்ஐ என்று குறிக்கப்பட்டிருந்தும் உள்ளே வேறு முறைமை இருப்பதும், பென்டிரைவே பழைய பயாஸ் முறையில் இயங்கியிருப்பதும் குழப்பத்துக்குக் காரணமாகலாம். /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற அடைவு இருந்தால் யுஇஎஃப்ஐ முறை. இல்லாவிட்டால் பயாஸ் முறை. விண்டோஸ் எந்த முறையில் இயங்குகிறதோ அதே முறையில் பென்டிரைவையும் இயக்க வேண்டும்.

பயன்பாட்டில் உள்ள பிரிவுகள், பெட்டிக்குள் பெட்டிகள்

சாதனம் வேலையாக இருக்கிறது என்று வரும் பிழைக்குப் பெரும்பாலும் ஸ்வாப் பிரிவுதான் காரணம். லைவ் சூழல், பழைய லினக்ஸின் ஸ்வாப்பைக் கண்டு தானே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். ஜிபார்ட்டெட் கருவியில் அப்பிரிவின் அருகே பூட்டு அல்லது சாவிச் சின்னம் தெரியும். "ஸ்வாப்ஆஃப் -ஏ" என்று இட்டால் விடுபடும். பிரிவு அட்டவணையை மாற்றிய பிறகும் கெர்னல் பழைய அட்டவணையையே நினைவில் வைத்திருந்தால், "பார்ட்ப்ரோப்" கட்டளை அதை மறுபடி படிக்கச் சொல்லும். அதற்கும் மசியாவிட்டால் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்வது எளிது.

அறியப்படாத கோப்பு முறைமை வகை என்ற செய்தியுடன் எல்விஎம்2_மெம்பர், கிரிப்டோ_லக்ஸ், லினக்ஸ்_ரெய்டு_மெம்பர் ஆகிய பெயர்களில் ஒன்று வந்தால் பழுது எதுவும் இல்லை. அந்தப் பிரிவு நேரடியாகக் கோப்பு முறைமை அல்ல, பெட்டிக்குள் பெட்டி. வெளிப்பெட்டியைத் திறந்த பிறகே உள்ளிருப்பதை மவுண்ட் செய்ய முடியும். எல்விஎம் என்றால் "விஜிசேஞ்ச் -ஏஒய்", லக்ஸ் குறியாக்கம் என்றால் "கிரிப்ட்செட்டப் ஓப்பன்", ரெய்டு என்றால் "எம்டிஏடிஎம்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திறவுகோல் உண்டு. பழைய லினக்ஸின் /ஹோம் பிரிவைக் காப்பாற்றிக்கொண்டு புதியதை நிறுவுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து ஃபார்மட் கட்டத்தில் குறியிட்டுவிடுகிறார்கள்.

முன்பு வேறு வேலைக்குப் பயன்பட்ட வட்டில் பழைய முறைமையின் அடையாளம் எஞ்சியிருந்து குழப்புவதும் உண்டு. "வைப்எஃப்எஸ்" கட்டளையை விருப்பம் எதுவும் இல்லாமல் இட்டால் அடையாளங்களைப் பட்டியலிட மட்டும் செய்யும். "-ஏ" சேர்த்தால் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

உண்மையாகவே பழுது என்றால்

கெர்னல் பதிவில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்ற வரி மீண்டும் மீண்டும் வந்தால், வட்டே தேய்ந்துகொண்டிருக்கக்கூடும். கேபிள் தளர்ந்திருந்தாலும் இப்படி வரும். "ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" கட்டளை வட்டின் உடல்நிலையைக் காட்டும். உள்ளே வேண்டிய தரவு இருந்தால், எந்தத் திருத்தக் கருவியையும் ஓட்டும் முன் "டிடிரெஸ்க்யூ" கொண்டு முழுப் பிரிவையும் இன்னொரு வட்டில் படியெடுத்துவிட வேண்டும். சாகும் தறுவாயில் உள்ள வட்டில் எஃப்எஸ்சிகே ஓட்டுவது அதன் கடைசி மூச்சையும் வாங்கிவிடும்.

வட்டு நன்றாக இருந்து, எக்ஸ்ட்4 முறைமையின் சூப்பர்பிளாக் மட்டும் கெட்டிருந்தால் நம்பிக்கை உண்டு. அதன் நகல்கள் பிரிவின் வேறு இடங்களிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. 4 கேபி தொகுதி அளவுள்ள பிரிவில் முதல் நகல் 32768-ஆம் தொகுதியில் இருக்கும். பிரிவு மவுண்ட் ஆகாத நிலையில் "இ2எஃப்எஸ்சிகே -பி 32768" என்பதோடு பிரிவின் பெயரையும் கொடுத்தால், அந்த நகலைக் கொண்டு சரிசெய்ய முயலும். மற்ற நகல்களின் இடத்தை அறிய "எம்கேஇ2எஃப்எஸ் -என்" என்று இடச் சொல்லுவார்கள். அதில் "-என்" என்பதை மறந்தால் அதே கட்டளை பிரிவை ஃபார்மட் செய்துவிடும். எனவே தட்டச்சிட்ட பின் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு என்டரை அழுத்துங்கள்.

நிறுவி முடிந்து முதல் தடவை இயக்கும்போது

நிறுவல் சிக்கலின்றி முடிந்தும், மறுதொடக்கத்தில் ஏதோ ஒரு சாதனத்துக்காக 90 நொடிகள் காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோட் என்று கறுப்புத்திரையில் நின்றுவிடுவது உண்டு. எந்தப் பிரிவு எங்கே பொருந்த வேண்டும் என்பதை /இடிசி/எஃப்எஸ்டேப் என்ற கோப்பு சொல்கிறது. அதில் பிரிவுகள் யுயுஐடி எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பிரிவை ஃபார்மட் செய்தால் அதற்குப் புதிய எண் வந்துவிடும். ஒரே கணினியில் இரண்டாவதாக ஒரு லினக்ஸை நிறுவும்போது, அதன் நிறுவி பொதுவான ஸ்வாப் பிரிவை ஃபார்மட் செய்துவிட்டால், முதல் லினக்ஸ் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு காத்திருக்கும். புதியது நன்றாக இயங்க, தொடாத பழையது தடுமாறுவதன் காரணம் இதுதான்.

எமர்ஜென்சி மோடில் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழைந்து, "பிஎல்கேஐடி" காட்டும் எண்ணையும் எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். ரூட் பிரிவு படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தால், "மவுண்ட் -ஓ ரிமவுண்ட்,ஆர்டபிள்யூ /" என்று இட்டு எழுதத்தக்கதாக மாற்றிவிட்டு, நானோ திருத்தியில் எண்ணைத் திருத்தலாம். டி பிரிவு, வெளி வட்டு போன்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற பிரிவுகளின் வரியில் "நோஃபெயில்" என்ற விருப்பத்தைச் சேர்த்துவிட்டால், அவை கிடைக்காதபோதும் கணினி இயங்கும்.

ஆர்ச் லினக்ஸில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. /பூட் பிரிவை மவுண்ட் செய்யாமலேயே கெர்னலைப் புதுப்பித்துவிட்டால், புதிய கெர்னல் ரூட் பிரிவின் /பூட் அடைவில் விழும். துவக்கி ஏற்றுவதோ உண்மையான /பூட் பிரிவில் உள்ள பழையதை. பழைய கெர்னலுக்கு உரிய தொகுதிக்கூறுகள் அப்போது நீக்கப்பட்டிருக்கும். விளைவாக, விஃபேட் என்ற வகையே தெரியாது என்று கணினி சொல்லும். "யுநேம் -ஆர்" காட்டும் பதிப்பும் /லிப்/மாட்யூல்ஸ் அடைவில் உள்ள பதிப்பும் வேறுபட்டால் இதுதான் காரணம். நிறுவல் பென்டிரைவில் இருந்து இயக்கி, ரூட்டையும் பிறகு /பூட்டையும் முறையாகப் பொருத்தி, ஆர்ச்-சிஎச்ரூட் மூலம் உள்ளே சென்று கெர்னலை மறுபடி நிறுவினால் சரியாகிவிடும்.

எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்திய பின் உடனே மறுதொடக்கம் செய்ய வேண்டாம். "ஃபைன்ட்எம்என்டி --வெரிஃபை" என்று இட்டால் வரிகளில் உள்ள தவறுகளைச் சுட்டிக்காட்டும். அது குறை சொல்லாவிட்டால் "மவுண்ட் -ஏ" இடுங்கள். விடுபட்டவை எல்லாம் பொருந்திவிட்டால் கணினியை மறுபடி இயக்கலாம்.